ரோட்டை அகலமாக்கியது போதும், ரயிலை ஓட்டு!



சொர்ணவாரி நடவு நேரம். நம் வட்டத்து ஊர் ஒன்றில் விடிகாலையில் கழனிக்குத் தண்ணி கட்டப் போனவர்கள் பார்த்தது, வரப்பு மேலே பெயிண்ட் அடித்த ஒரு கல். பக்கத்துக் கிணற்றுத் திட்டில் சிவப்பு எழுத்தில் ஒரு நம்பர். யார் நட்டது, எதுக்கு நட்டது என்று வி.ஏ.ஓ.வைக் கேட்டால், "எனக்கே தகவல் இல்லைங்க" என்றார். தாலுகா ஆபீஸில் கேட்டால் நிலமெடுப்புப் பிரிவைக் கேளு என்றார்கள். அங்கே போனால் அளக்க வந்த கம்பெனிக்காரனைக் கேளு என்றார்கள். மூணு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு அலைந்ததில் கிடைத்த பதில், "சும்மா சர்வேதாங்க."

சும்மா சர்வே என்று சொல்லி வந்த கல் சும்மா போனதாக நமக்கு அனுபவம் கிடையாது.

ஒரு காகிதத்தை எடுத்து நம் மாவட்டத்தை வரைந்து பாருங்கள். மேற்கே ஜி.எஸ்.டி. ரோடு. முன்பு தேசிய நெடுஞ்சாலை 45, இப்போது 32. நாலு வழி ஆனது, பிறகு தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே ஆறு, எட்டு என்று விரிந்தது, அதன் தலைக்கு மேலே தூண் போட்டு இன்னொரு ரோடு வேண்டும் என்று ஒரு திட்டமும் இருக்கிறது. கிழக்கே ஈ.சி.ஆர். அதையும் தேசிய நெடுஞ்சாலையாக்கி நாலு வழியாக விரிக்கிறார்கள். மாமல்லபுரம் – மரக்காணம் பகுதியில் வேலை முன்பே தொடங்கிவிட்டது. மரக்காணம் – புதுச்சேரி 46 கிலோமீட்டருக்கு 2,157 கோடி ரூபாயில் மத்திய அமைச்சரவை 2025 ஆகஸ்டில் ஒப்புதல் கொடுத்தது. இந்த ரெண்டு ரோட்டுக்கும் குறுக்கே எண்ணூர் துறைமுகத்தில் கிளம்பி, திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், சிங்கப்பெருமாள் கோயில் என்று சுற்றி, மாமல்லபுரம் பூஞ்சேரியில் வந்து விழுகிற 133 கிலோமீட்டர் எல்லைச் சாலை. நெடுக்கேயும் ரோடு, குறுக்கேயும் ரோடு. நடுவில் மிச்சம் இருக்கிற கட்டத்துக்குள் நாம் நாற்று விட வேண்டும்.

ரோடே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நாம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போக ரோடு வேண்டும், நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிப்போக ரோடு வேண்டும். நம் ஊர்களின் கிராமச் சாலை இன்றைக்கும் ஒரு மழைக்குத் தாங்காமல் கிடக்கிறது; அதைப் போடு என்று மனு கொடுத்துக் கை ஓய்ந்துவிட்டது. நாம் கேட்பது வேறு. சென்னைக்குப் போகவும் சென்னையிலிருந்து தெற்கே போகவும் இவ்வளவு ஜனம் நகர வேண்டும் என்றால், அந்த ஜனத்தை ஏன் ரயிலில் ஏற்றக்கூடாது? அதுவும் 150 வருஷத்துக்கு முன்னாலேயே நம் பாட்டன் பூட்டன் கொடுத்த நிலத்தில் ஓடிக்கொண்டிருக்கிற தண்டவாளத்தின் பக்கத்திலேயே?

முதலில் நாலு வழி நமக்கு என்ன செய்தது என்று பார்ப்போம். 2000-ங்களின் தொடக்கத்தில் தாம்பரம் – திண்டிவனம் நாலு வழியானபோது நம்மில் பலர் இளந்தாரிகள். நல்லதுதானே என்று கையெழுத்துப் போட்டவர்கள் நாம். ரோட்டுக்கு நடுவில் தடுப்பு வந்த பிறகுதான் புரிந்தது. வீடு இந்தப் பக்கம், கழனி அந்தப் பக்கம். நடந்தால் நூறு அடி. மாட்டையும் டிராக்டரையும் ஓட்டிக்கொண்டு போனால் ரெண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பி வரணும். திரும்புகிற இடத்தில் லாரிக்காரன் நூறில் வருவான். கருங்குழி, படாளம், அச்சிறுபாக்கம் பக்கம் ரோட்டோர ஊர் எதிலும் கேட்டுப் பாருங்கள், குறுக்கே கடந்து செத்தவர் பெயர் ஒன்றாவது சொல்வார்கள். தமிழ்நாட்டில் சாலை விபத்தில் சாகிறவர்கள் ஆண்டுக்கு 17,000 பேருக்கு மேல்.

தண்ணீர்க் கதை இன்னும் மோசம். செங்கல்பட்டு என்றாலே ஏரி மாவட்டம். ஒரு ஏரிக் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்கு, அது வழிந்தால் அதற்கும் கீழே என்று மேற்கிலிருந்து கிழக்காகத் தண்ணி இறங்கி, உப்பங்கழி வழியாகக் கடலுக்குப் போகிற பூமி இது. ஜி.எஸ்.டி. ரோடும் ஈ.சி.ஆரும் வடக்கு தெற்காக அதை மறித்துப் படுத்திருக்கின்றன. மண் கொட்டி ஆறடி உயர்த்திய ரோடு என்பது, நம் பாஷையில் சொன்னால், மதகு இல்லாத ஒரு கரை. வரத்துக் கால்வாய் இருந்த இடத்தில் ஒரு குழாயைப் புதைத்து விட்டுப் போகிறார்கள். மேலண்டைப் பக்கத்துக் கழனி முங்கும், கீழண்டை ஏரிக்குத் தண்ணி சேராது. ஒரே மழையில் ரெண்டும் நடக்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டியபோது அந்தப் பக்கத்து ஜனம் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

இத்தனை கொடுத்தோமே, நெரிசலாவது தீர்ந்ததா? பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பரனூர் டோல்கேட்டில் போய் நின்று பாருங்கள். நாலு வழியில் நெரிசல் என்று எட்டு கேட்டார்கள். எட்டிலும் நெரிசல் என்று மேலே ஒரு ரோடு கேட்கிறார்கள். அகலமாக அகலமாகக் கார் கூடும். காரில் உட்கார்ந்திருப்பது ஒரு ஆள், மிஞ்சினால் ரெண்டு ஆள். பன்னிரண்டு பெட்டி மின்சார ரயில் ஒன்று காலையில் 2,000 பேருக்கு மேல் அள்ளிக்கொண்டு போகிறது. அந்த 2,000 பேரும் காரில் கிளம்பினால் எத்தனை வழி வேண்டும்? அந்த வழிக்கு யார் நிலம் போகும்?

இனி நிலக் கணக்குக்கு வருவோம். நமக்குப் புரிகிற கணக்கு இதுதான்.

2018-இல் அறிவித்த சென்னை – சேலம் எட்டு வழிச்சாலையை எடுத்துக்கொள்வோம். நீளம் 277 கிலோமீட்டர். அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் தொடங்கித் திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று போனது. அதற்குக் கேட்ட அகலம் 70 மீட்டர். அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு 17 ஏக்கர் போகும். நம் ஊர்க் கணக்கில் 13 காணி. மும்பை – ஆமதாபாத் புல்லட் ரயிலுக்குத் தூண் மேல் ரெட்டைத் தடம் போட எடுத்த அகலம் 17.5 மீட்டர். கிலோமீட்டருக்கு நாலே கால் ஏக்கர் சொச்சம். ஸ்டேஷனுக்கும் பணிமனைக்கும் கூடுதலாகப் போகும் என்றாலும், நாலு பங்கில் ஒரு பங்கு சுற்றிலும்தான் கணக்கு நிற்கும். ஏற்கெனவே இருக்கிற தடத்தின் பக்கத்தில் ரயில்வே நிலத்திலேயே கூடுதல் தடம் போட்டால் அதிலும் பெரும்பகுதி மிச்சம்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சேதி. 2025 மார்ச் 14 அன்று சட்டமன்றத்தில் வைத்த தமிழ்நாடு பட்ஜெட்டில், மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற மித அதிவேக ரயிலுக்கு மூணு தடம் அறிவித்தார்கள். அதில் முதல் தடம் நம்முடையது: சென்னை – செங்கல்பட்டு – திண்டிவனம் – விழுப்புரம், 167 கிலோமீட்டர். சாத்தியம் உண்டா என்று ஆராயும் பொறுப்பு சென்னை மெட்ரோ ரயில் நிறுவனத்திடம் போனது. டெல்லிக்கும் மீரட்டுக்கும் இடையே இதே மாதிரி ரயில் 2023 அக்டோபரிலிருந்து பகுதி பகுதியாக ஓடத் தொடங்கிவிட்டது. கிராமத்திலிருந்து வேலைக்குப் போய்விட்டு ராத்திரி வீடு திரும்புகிற தூரத்துக்கு ஏற்ற ரயில் அது.

செலவை மறைக்க வேண்டாம். டெல்லி – மீரட் 82 கிலோமீட்டருக்கு மதிப்பிட்ட தொகை 30,274 கோடி. கிலோமீட்டருக்கு 370 கோடி அளவில் வருகிறது. மேலே சொன்ன ஈ.சி.ஆர். நாலு வழி கிலோமீட்டருக்கு 47 கோடிதான். ரோடுதானே மலிவு என்று அதிகாரிகள் உடனே சொல்வார்கள். அந்த மலிவு எங்கிருந்து வருகிறது? கழனியை அவர்கள் வைத்த விலைக்கு எடுப்பதால், ஏரி வரத்தை அறுத்ததற்கு விலையே போடாததால், காரும் டீசலும் டோலும் ஜனத்தின் பாக்கெட்டிலிருந்து போவதால்.

மலிவான ரயிலும் இருக்கிறது. தாம்பரம் – செங்கல்பட்டு நாலாவது தடத்துக்கு 2025-இல் ரயில்வே ஒப்புதல் கொடுத்தது. சுமார் 30 கிலோமீட்டர், சுமார் 757 கோடி. கிலோமீட்டருக்கு 25 கோடி! நாலு வழி ரோட்டை விடக் குறைச்சல். ஆனால் அந்த நாலு தடமும் செங்கல்பட்டோடு நின்றுவிடுகிறது. பாலாற்றுக்குத் தெற்கே விழுப்புரம் வரை சுமார் 100 கிலோமீட்டருக்கு இன்னும் ரெட்டைத் தடம்தான். வந்தே பாரத்தும் அதில்தான், சரக்கு வண்டியும் அதில்தான், மதுராந்தகத்து ஜனம் ஏறுகிற பாசஞ்சரும் அதில்தான். எக்ஸ்பிரஸ் வந்தால் பாசஞ்சரை ஓரம் கட்டி நிறுத்துகிறான். நூற்று அறுபதில் ஓடச் செய்த வண்டியை நூற்றுப் பத்து, நூற்று முப்பதுக்கு மேல் ஓட்ட வழியில்லை. இந்த 100 கிலோமீட்டருக்கு மூணாவது, நாலாவது தடம் போட்டு, லெவல் கிராசிங்குக்குப் பதில் பாலம் கட்டி, வளைவை நேராக்கினாலே பாதிச் சோலி முடிந்தது. இதைக் கேட்க ஜப்பான் வரை போக வேண்டியதில்லை. (போனாலும் தப்பில்லை. 1964-இல் டோக்கியோ – ஒசாகா அதிவேக ரயிலை விட்டபோது ஊர் உலகமெல்லாம் விமானமும் காரும்தான் இனிமேல் என்று பேசிக்கொண்டிருந்தது.)

கடலோரத்தின் கதை தனி. மாமல்லபுரத்தைப் பார்க்க உலகமே வருகிறது, ரயில் மட்டும் வரவில்லை. பக்கத்து ஸ்டேஷன் 30 கிலோமீட்டர் தள்ளி செங்கல்பட்டு. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு 179 கிலோமீட்டர் ரயில் பாதை என்று 2008-ஐ ஒட்டி ரயில்வே பட்ஜெட்டில் எழுதிவிட்டார்கள். எழுதியதோடு சரி. சில வருஷம் அதற்கு ஒதுக்கிய தொகை ஆயிரம் ரூபாய். ஆயிரம் கோடி என்று படித்துவிடாதீர்கள், வெறும் ஆயிரம் ரூபாய்! இடைக்கழிநாட்டில் ஒரு வேன் தர்பூசணி ஏற்றிக் கோயம்பேட்டுக்கு அனுப்ப அந்த ஆயிரம் போதாது. அதே கடலோரத்தில் ரோட்டுக்கு மட்டும் ஆயிரக்கணக்கான கோடி சுளையாக வருகிறது. செய்யூர், கடப்பாக்கம் பக்கத்துச் சவுக்கும் தர்பூசணியும் வேர்க்கடலையும் ரயில் ஏற வழி இல்லை. நம் பிள்ளைகள் மறைமலை நகர், ஒரகடம் கம்பெனிகளுக்குக் கம்பெனி பஸ்ஸில் ரெண்டு மணி நேரம் தூங்கி வழிந்துகொண்டு போகிறார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ரயில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நிலத்தைக் கொடுங்கள் என்று சங்கம் சொல்லப்போவதில்லை. ரயிலும் நிலம் தின்னும். மும்பை – ஆமதாபாத் புல்லட் ரயிலுக்குப் பால்கர் மாவட்டத்து ஆதிவாசிகளும் குஜராத் விவசாயிகளும் வருஷக்கணக்கில் எதிர்த்து நின்றார்கள். கேரளத்தில் சில்வர்லைன் என்று திருவனந்தபுரம் – காசர்கோடு 530 கிலோமீட்டருக்கு 64,000 கோடி அளவில் திட்டம் போட்டு, ஜனத்தைக் கேட்காமல் வீட்டு வாசலில் மஞ்சள் கல் நட்டார்கள். 2022-இல் பெண்கள் உட்பட ஊரே திரண்டு கல்லைப் பிடுங்கி எறிந்தது. கடைசியில் கல் நடுவதை அரசாங்கமே நிறுத்த வேண்டியதாயிற்று. பழைய தடத்தை மேம்படுத்து என்று அங்கே கேட்டவர்கள் பலர் இருந்தார்கள். அந்தப் பேச்சு காதில் ஏறவில்லை. ரயிலுக்கு மண்ணைக் கொட்டிக் கரை போட்டால் ரோடு செய்த வேலையைத்தான் அதுவும் செய்யும். ஃபெஞ்சல் மழையில் விக்கிரவாண்டி – முண்டியம்பாக்கம் நடுவே பாலத்தில் வெள்ளம் ஏறி ரயிலே நின்றுபோனதையும் பார்த்தோம்.

சட்டத்தைப் பொறுத்தவரை ரோட்டுக்கும் ரயிலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2013 நிலமெடுப்புச் சட்டத்தில் சமூகத் தாக்க ஆய்வு வேண்டும், சில திட்டங்களுக்கு விவசாயி சம்மதம் வேண்டும் என்று நல்ல வார்த்தைகள் இருக்கின்றன. ஆனால் 1956 தேசிய நெடுஞ்சாலைச் சட்டமும் 1989 ரயில்வே சட்டமும் அந்த வார்த்தைகளுக்கு வெளியே நிற்கின்றன. இழப்பீட்டுக் கணக்கும் மறுவாழ்வும் மட்டும்தான் புதுச் சட்டப்படி. மாநில நெடுஞ்சாலைக்கான 2001 சட்டத்தையும் அப்படியே விலக்கி வைத்தார்கள். 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றதும் மறுபடி ஒரு சட்டம் போட்டு உயிர் கொடுத்தார்கள். 2021-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. எட்டு வழிச்சாலை வழக்கும் இப்படித்தான் போனது. 2019 ஏப்ரல் 8-இல் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தபோது வெடி வெடித்தோம். 2020 டிசம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆனாலும் முறைப்படி நிலம் கைக்கு வருமுன்பே வருவாய்க் கணக்கில் பெயரை மாற்றியது தப்பு என்று மட்டும் அங்கேயும் சொன்னார்கள். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்: பட்டாவையும் அடங்கலையும் அடிக்கடி எடுத்துப் பாருங்கள்.

நம் உறுப்பினர்களே சிலர் கேட்கிறார்கள்: "ரோடு வந்தா காணி வெலை ஏறுதே, செயலாளரே. வித்துட்டு நிம்மதியா இருக்கலாம்ல?" கோபப்படுகிற கேள்வி இல்லை இது. விளைந்த நெல்லுக்கு விலை இல்லாதபோது நிலத்துக்கு விலை வந்தால் மனசு அசையத்தான் செய்யும். ஆனால் விலை ஏறுவது யாருக்கு? ரோடு வருகிறது என்று நமக்கு முன்னால் தெரிந்துகொண்டு, நம்மிடம் காணியைப் பழைய விலைக்கு வாங்கி மனைப்பிரிவு போட்டவனுக்கு. ரோட்டுக்குள் மாட்டிக்கொண்ட காணிக்குக் கிடைப்பது கைடுலைன் மதிப்பை வைத்துப் போட்ட கணக்கு. ரோடு காணியைக் குறுக்கே வெட்டிப் போனால் ரெண்டு பக்கமும் மூக்குப்பொடி மட்டை மாதிரி மிஞ்சுகிற துண்டுக்குக் கிணறும் இருக்காது, வழியும் இருக்காது. குத்தகைக்கு உழுகிறவனுக்கும் நாற்று நட வருகிற பெண்களுக்கும் விலை ஏறி என்ன, இறங்கி என்ன?

ஆகவே நம் சங்கத்தின் நிலை இது. செங்கல்பட்டு – விழுப்புரம் மூணாவது, நாலாவது தடத்தை முதலில் போடு. விழுப்புரம் வேக ரயில் ஆய்வறிக்கையைத் தமிழில், புல எண்ணோடு, ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டு. தடம் ரயில்வே நிலத்தையோ ரோட்டு ஓரத்தையோ ஒட்டியே போகட்டும். ஏரி, ஆயக்கட்டு, வரத்துக் கால்வாய் வருகிற இடத்தில் மண் கரை கூடாது, தூண்தான். வேக ரயில் நம் தலைக்கு மேலே பறந்து போவதாக இருக்கக்கூடாது. மதுராந்தகத்திலும் மேல்மருவத்தூரிலும் நிற்க வேண்டும், அதோடு சேர்ந்து கருங்குழி, படாளம், ஒலக்கூர் போன்ற சின்ன ஸ்டேஷனுக்குப் பாசஞ்சர் கூட வேண்டும், காலை வண்டியில் காய்கறிக்கும் பூவுக்கும் ஒரு பெட்டி வேண்டும். கடலூர் ரயில் பாதைக்கு நிஜமான பணம் ஒதுக்கு. இந்த வேலைகள் முடிந்து, ரயில் ஓடி, அப்புறமும் ரோடு போதவில்லை என்று கணக்குக் காட்டுகிற வரைக்கும் விரிவாக்கத்துக்கென்று ஒரு சென்ட் கழனியும் எடுக்காதே.

இனி செய்ய வேண்டியது. தேசிய நெடுஞ்சாலை அறிவிப்பு வந்தால் ஆட்சேபம் கொடுக்க 21 நாள், ரயில்வே அறிவிப்பு என்றால் 30 நாள். அறிவிப்பு தினசரிப் பத்திரிகையில் பொடி எழுத்தில் வரும். புல எண் மட்டும் இருக்கும், நம் பெயர் இருக்காது. ஒவ்வொரு ஊர்க் கிளையும் படித்த பிள்ளை ஒருவரைப் பத்திரிகை பார்க்க நியமியுங்கள். ஆட்சேபத்தைத் தனித்தனியாக, அவரவர் கையெழுத்தில், கிணறு, மரம், போர், பைப்லைன் எல்லாம் குறித்து எழுதுங்கள். கும்பலாக ஒரே மனு கொடுத்தால் ஒரே பதிலோடு மூடிவிடுவார்கள். ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

அடுத்த கிராம சபையில், மேலே சொன்ன கோரிக்கைகளைத் தீர்மானமாக வையுங்கள். தலைவர் எழுத மறுத்தால் மறுத்ததையும் எழுதச் சொல்லுங்கள். தீர்மான நகலோடு ஒவ்வொரு கிளையிலிருந்தும் குறைந்தது பத்துப் பேர், அதில் பாதிப் பெண்கள், அடுத்து வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் காலை ஒன்பது மணிக்குச் சேர வேண்டும். பட்டா, சிட்டா, அடங்கல் நகல் ரெண்டு செட். ரயிலில் வர முடிந்தவர்கள் ரயிலிலேயே வாருங்கள், டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த ஸ்டேஷனில் எத்தனை மணி நேரம் காத்துக் கிடந்தோம் என்று அதன் பின்னால் எழுதி மனுவோடு சேர்த்துக் கொடுக்கலாம்.